முஹன்னத் வாளும் மேல்சிறுவளூர் மூசையும்

அரபு மொழியில் வாளுக்குப் பெயர்கள் பல. அவற்றுள் ஒன்று ‘முஹன்னத்’. ‘ஹிந்த்’ நாட்டு இரும்பால் அடிக்கப்பட்ட வாள் என்பது அதன் பொருள். கஅப் பின் ஸுஹைர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஓதிய ‘பானத் சுஆத்’ கவிதையில் இச்சொல் வருகிறது. மத்ரஸா மாணவர்கள் பொருளை எழுதிக்கொண்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவர். ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நாம் சற்றே நின்று கவனிக்க வேண்டிய சொல் இது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய மேல்சிறுவளூரில், உடைந்த மூசைத் துண்டுகள் கிடைத்தன. மூசை என்பது உலோகம் உருக்கும் மண்பாத்திரம். உலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அவற்றை ஆராய்ந்து, அவை உயர்கரிம எஃகு உருக்கப் பயன்பட்டவை என்று 1994இல் வெளியிட்டார். மூசையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சிறு உலோகத் துணுக்கை நுண்ணோக்கியில் கண்டே அதை அவர் அறிந்தார். பின்னர் உலோகவியல் பேராசிரியர் எஸ். ரங்கநாதனுடன் இணைந்து அவர் எழுதிய நூல், இவ்வெஃகைப் பண்டைய உலகின் மேம்பட்ட பொருள் என்றே அழைக்கிறது.

செய்முறை எளிது போலத் தோன்றும். சேலம் பகுதியில் நடந்ததை ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்கட்டையைச் சீவிப் போட்டு, எருக்கிலையால் மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதி உருக்குவார்கள். கட்டையின் கரி இரும்பில் கலந்து எஃகாகும். நம் வேலியோரம் நிற்கும் ஆவாரையும் எருக்கும்தான்!

இந்திய எஃகைப் பற்றி அரபு அறிஞர்கள் கவனமாக எழுதினார்கள். கலீஃபா அல்முஃதஸிமின் காலத்தில் அல்கிந்தி வாள்களின் வகைகளைக் குறித்துத் தனி நூலே இயற்றினார். அதில் ஸரந்தீப் வாளும் உண்டு. அல்பிரூனியும் இரும்பையும் எஃகையும் விரிவாக ஆராய்ந்தார். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா எஃகுக் கட்டிகள் மசூலிப்பட்டினத் துறையிலிருந்து பாரசீகம் சென்றதை டச்சு வணிகர்களின் குறிப்புகள் காட்டுகின்றன. அங்குள்ள கொல்லர்கள் அவற்றை அடித்து, நீரலை போன்ற வரிகள் ஓடும் வாள்களாக்கினர். ஐரோப்பியர் அவற்றுக்கு இட்ட பெயர் டமாஸ்கஸ் வாள்.

அவ்வரிகளின் இரகசியம் எளிதில் பிடிபடவில்லை. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் இவ்வெஃகைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் இதைப் பகுத்துப் பார்த்து, அலுமினாவும் சிலிக்காவுமே இதன் சிறப்புக்குக் காரணம் என்று எண்ணினார், அது சரியன்று. கரிமம் மிகுந்ததால் உண்டாகும் ‘சிமென்டைட்’ என்னும் கடினமான நுண்துகள்கள் வரிசையாக அமைவதே அவ்வரிகள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து அத்தகைய கத்திகளைச் செய்தே பார்த்தார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வனேடியம் போன்ற கலப்புகள் இரும்பில் இருக்க, அதைத் திரும்பத் திரும்பச் சூடேற்றி அடித்தால்தான் துகள்கள் வரிசைப்படும் என்று 1998இல் எழுதினார்கள். பேராசிரியரும் கொல்லரும் ஒரே கட்டுரையில் கையொப்பமிட்டது எமக்கு மிகவும் பிடித்த செய்தி.

2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள், அஸத் உல்லாஹ் என்ற கொல்லர் செய்த 17ஆம் நூற்றாண்டு வாளில் கரிம நானோ குழாய்களைக் கண்டதாக அறிவித்தார்கள். அதை வைத்து, முஸ்லிம்கள் அன்றே நானோ அறிவியல் அறிந்திருந்தனர் என்று நம்மிடையே செய்திகள் பரப்பப்படுகின்றன. இது மிகை. கொல்லர் அறிந்தது நெருப்பின் நிறத்தையும் சுத்தியலின் ஓசையையும். அது சிறிய அறிவன்று. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை இளகச் செய்ததை அல்லாஹ் தன் அருளாகவே குர்ஆனில் சொல்கிறான்.

அப்பெருமையைப் பேசும்போது அளவை சரியாக இருக்க வேண்டும். வாளை அடித்தவர் பெயராவது அதன் மேல் பொறிக்கப்பட்டது. மூசையில் எஃகு உருக்கிய நம் ஊர்த் தொழிலாளி ஒருவரின் பெயரும் மிஞ்சவில்லை. ‘டமாஸ்கஸ்’ என்ற பெயரில் அவர்கள் மறைந்துபோனார்கள். அரபியர் வழங்கிய ‘முஹன்னத்’ என்ற பெயரிலோ அவர்களின் நாடாவது நிற்கிறது.

ஹீத், நம்மவர் மஹ்மூத் பந்தர் என்று அழைக்கும் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை அமைத்தார். ஊதுலைகளுக்குக் கரி வேண்டிக் காடுகள் வெட்டப்பட்டன, ஆலை நிலைக்கவில்லை. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் அவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதனால் செழித்தது ஷெஃபீல்டு நகரம். மூசை உலைகளோ அந்நூற்றாண்டிலேயே ஒவ்வொன்றாக அணைந்தன.