போர்வையே நெருப்பானது

ஏழைக்கு வீடமைத்துத் தருவது நல்லறம். அதனைச் செப்பனிடுவதும் அறமே. ஆயினும் எவ்வாறு செப்பனிடுகிறோம் என்பதை லண்டன் வரலாறு நம்மிடம் வினவுகிறது.

வடக்குக் கென்சிங்டனில் 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட கிரென்ஃபெல் கோபுரம் 24 மாடிகள் கொண்ட பொதுக் குடியிருப்பு. குளிரைத் தடுத்து எரிபொருளை மிச்சப்படுத்தவும், தோற்றத்தைப் பொலிவாக்கவும் அதற்குப் புறப்போர்வை அணிவித்தனர். 2016-இல் பணி முடிந்தது. அலுமினியத் தகடுகளின் நடுவே இருந்ததோ எளிதில் எரியும் பாலிஎத்திலீன்!

2017 ஜூன் 14, ரமளான் இரவு. நான்காம் மாடிக் குளிர்பதனப் பெட்டியில் தோன்றிய தீ, அப்போர்வையைப் பற்றி உச்சிவரை ஏறிற்று. நோன்புக்காக விழித்திருந்தோர் அண்டை வீட்டாரைக் கதவு தட்டி எழுப்பினர். எனினும் 72 உயிர்கள் மாண்டன. அத்தனையும் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களே என 2024-இல் விசாரணைக் குழு உரைத்தது.

ஆபத்தைக் குடியிருப்போர் முன்னரே எச்சரித்திருந்தனர், கேட்பார்தாம் இல்லை. ஏழையின் சுவரைத் தொடுமுன் அவன் சொல்லைக் கேட்போமாக.