இயற்கையோடு பழகிய பள்ளிக்கூடங்கள்

1882ஆம் ஆண்டு ஏப்பிரில் மாத இறுதியிலே, ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், பாடசாலைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்துப் புறப்பட்டனர். நகரத்து மேட்டிலுள்ள ஈடன் பூங்காவை அடைந்து, அங்கே மரக்கன்றுகளை நாட்டினர். நாட்டிய கன்றுகளுக்குப் புலவர்களின் பெயரும் எழுத்தாளர்களின் பெயரும் சூட்டப்பட்டன. இவ்விழாவை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், அந்நகரப் பாடசாலைகளின் அத்தியட்சராயிருந்த ஜோன் பீஸ்லி என்பவர். தம்மைச் சூழ்ந்துள்ள இயற்கையைப் பேணுதல் வேண்டும் என்னும் எண்ணத்தைச் சிறு பிள்ளைகளின் உள்ளத்திலே பள்ளிக்கூடத்தின் வாயிலாக ஊன்றலாம் என்று ஒரு நகரமே நம்பிச் செயலில் இறங்கிய முதற் சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

மரம் நாட்டு விழா சின்சினாட்டியிலே பிறந்ததன்று. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், மரமே அரிதாயிருந்த நெப்ராஸ்காச் சமவெளியில், பத்திரிகாசிரியரான ஜூலியஸ் ஸ்டேர்லிங் மோர்ட்டன் என்பவர், ஆண்டில் ஒரு நாளை மரம் நாட்டுவதற்கென ஒதுக்கவேண்டும் என்று மாநில விவசாய சபையில் ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். 1872 ஏப்பிரில் 10ஆந் தேதி அந்நாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அன்று நாட்டப்பெற்ற மரங்கள் பத்து இலட்சம் என்பர். காற்றைத் தடுக்கவும், விறகுக்கும், வீடு கட்டவும் மரம் வேண்டியிருந்தது. குடியேறிய கமக்காரரின் தேவையே அவ்விழாவின் தாய். அதைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர், கொனெற்றிக்கட் மாநிலத்துக் கல்விச் சபையின் காரியதரிசியாயிருந்த பேர்ட்சி நோர்த்ரொப். 1876ஆம் ஆண்டு, நாடு சுதந்திரமடைந்து நூறு ஆண்டு நிறைவெய்தியதை முன்னிட்டு, ஐந்து மரம் நாட்டும் பிள்ளைக்கு ஒரு டொலர் பரிசு என்று அவர் அறிவித்தார். பின்னர் மாநிலந்தோறும் பயணஞ்செய்து இவ்விழாவைப் பள்ளிகளிற் பரப்பினார்.

விழா என்பது பிள்ளைகளுக்கு உவப்பானதுதான். பாட்டும் பேச்சும் கொடியும் உண்டு, பாடம் இல்லை. ஆனால் ஆண்டில் ஒரு நாள் மண்வெட்டி பிடித்த கைக்கு, எஞ்சிய நாட்களில் அக்கன்று என்ன ஆயிற்று என்று பார்க்கும் கடமை உண்டா என்ற கேள்விக்கு விழா விடை தரவில்லை. அக்கேள்வியைப் பிற்காலத்தார் எழுப்பவேண்டியிருந்தது.

மரத்தைத் தொடர்ந்து பறவைக்கும் ஒரு நாள் வந்தது. அந்நாளிலே மேனாட்டு மாதரின் தொப்பிகளை இறகுகளாலும், ஏன், முழுப் பறவைகளாலுமே அலங்கரிப்பது நாகரிகமாயிருந்தது. 1886ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்னும் பறவை நூலறிஞர் நியூ யோர்க் நகர வீதிகளில் இரண்டு முறை நடந்து சென்று, கண்ணிற்பட்ட தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542 தொப்பிகள் இறகு சூடியவை. அவற்றில் நாற்பது இனப் பறவைகளை அவர் இனங்கண்டார். காட்டிலே பறவை பார்க்க வேண்டியவர் கடைத்தெருவிலே பார்க்க நேர்ந்தது! பென்சில்வேனியா மாநிலத்தில் மண்ணெண்ணெய்த் தொழிலால் வளர்ந்த ஓயில் சிற்றி என்னும் ஊரில், பாடசாலை அத்தியட்சராயிருந்த சார்ள்ஸ் பாப்கொக், 1894 மே 4ஆந் தேதியைப் பறவை நாளாகத் தம் பள்ளிகளில் கொண்டாடுவித்தார். மரம் நாட்டு விழாவைத் தோற்றுவித்த மோர்ட்டன் அப்போது மத்திய அரசாங்கத்தின் விவசாய மந்திரி. அவரும் அம்முயற்சியை வாழ்த்தி எழுதினார்.

எனினும், வாழ்த்துக்களும் விழாக்களும் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. வானத்தை மறைக்கும் பெருங்கூட்டங்களாய்ப் பறந்த பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914 செப்டெம்பர் 1ஆந் தேதி கூட்டுக்குள் இறந்தது. அது இறந்த இடம், பள்ளிப் பிள்ளைகள் மரம் நாட்டிய அதே சின்சினாட்டி நகரின் மிருகக்காட்சிச்சாலை.

ஒரு நாள் விழாவாயிருந்ததை அன்றாடக் கல்வியாக்கும் முயற்சி நியூ யோர்க் மாநிலத்திலே தோன்றியது. அதன் பிறப்பிடம் காடன்று, பசி. 1890களின் முற்பகுதியில் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தால் நாட்டுப்புறக் குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டு நகரத்தை நாடிவந்தன. அங்கும் வேலை இல்லை. தருமச் சங்கங்கள் கஞ்சி வார்த்துக் களைத்துப்போயின. மூலகாரணத்தை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகளுக்கு நிலத்தின்மீது பற்று உண்டானாலன்றி இப்பெயர்ச்சி நில்லாது என்ற முடிவுக்கு வந்தனர். அதற்கென ஒரு குழு அமைந்தது. வெஸ்ற்செஸ்ரர் பிரிவிலுள்ள சில பள்ளிகளிலே இயற்கைப் பாடம் பரீட்சார்த்தமாகக் கற்பிக்கப்பட்டது. அது பலனளித்ததைக் கண்ட சட்டசபை, இத்தாக்கா நகரிலுள்ள கோர்ணெல் சர்வகலாசாலையிடம் பணத்தையும் பொறுப்பையும் ஒப்படைத்தது. அங்கே தோட்டக்கலைப் பேராசிரியராயிருந்த லிபேர்ட்டி ஹைட் பெயிலி அப்பொறுப்பை ஏற்றார்.

கோர்ணெல் ஆசிரியர்கள் பாடப்புத்தகம் எழுத விரையவில்லை. கிராமப் பள்ளி ஆசிரியைகளுக்குச் சிறு சிறு துண்டுப் பிரசுரங்களை இலவசமாக அனுப்பினர். 1896 டிசெம்பரில் வெளிவந்த முதற் பிரசுரத்தைப் பெயிலியே எழுதினார். பூசணிச் செடி தன் விதையிலிருந்து எவ்வாறு வெளியே வருகின்றது என்பதே அதன் பொருள். உலகைக் காப்போம், காட்டைக் காப்போம் என்ற முழக்கம் எதுவும் அதில் இல்லை. ஒரு விதை, சிறிது ஈர மண், சில நாட் பொறுமை, இவ்வளவே வேண்டப்பட்டன. விதையின் கோதிலே சிக்கிய இலை எவ்வாறு தன்னை விடுவித்துக்கொள்கின்றது என்று பிள்ளை தானே பார்த்துச் சொல்லவேண்டும். அடுத்தடுத்த பிரசுரங்கள் மெழுகுதிரி எரிவதையும், தேரையின் வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டன. கல்லெறிந்து கொல்லப்பட்டுவந்த தேரை, பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்டு வாழும் நண்பன் என்பதைப் பல பிள்ளைகள் அப்போதுதான் அறிந்தனர்.

பிள்ளைகளுக்கெனச் சங்கங்களும் அமைந்தன. அவற்றை நடத்தியவர் ஜோன் ஸ்பென்சர் என்னும் பழத்தோட்டக்காரர். பண்டிதர் அல்லர், பிள்ளைகள் அவரை ‘ஜோன் மாமா’ என்றே அழைத்தனர். இச்சங்கங்களிற் சேருவதற்குச் சந்தா உண்டு. ஆனால் அது காசன்று, கடிதம். தாம் கண்ட பறவையைப் பற்றியோ, புழுவைப் பற்றியோ, பள்ளித் தோட்டத்தைப் பற்றியோ எழுதியனுப்பிய கடிதமே சந்தாவாக ஏற்கப்பட்டது. மூலை முடுக்கிலுள்ள ஒற்றை அறைப் பள்ளிகளிலிருந்தெல்லாம் கடிதங்கள் வந்து குவிந்தன. தான் கண்டதைக் கேட்பதற்கு ஒருவர் இருக்கின்றார் என்று தெரிந்த பிள்ளை, மறுநாள் இன்னுங் கூர்ந்து பார்க்கும். ஸ்பென்சரின் இந்த உபாயத்தை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

இவ்வியக்கத்தின் உயிர்நாடியாய் விளங்கியவர் அன்னா கொம்ஸ்டொக் அம்மையார். 1854ஆம் ஆண்டு நியூ யோர்க் மாநிலத்துக் கமக்காரக் குடும்பமொன்றிலே பிறந்தவர். பூவையும் நட்சத்திரத்தையும் பெயர் சொல்லிக் காட்டியவர் அவருடைய தாயார். பூச்சியியல் அறிஞரான ஜோன் ஹென்றி கொம்ஸ்டொக்கை 1878இல் மணந்து, கணவரின் நூல்களுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்துகொடுத்தார். 1899இல் கோர்ணெல்லில் துணைப் பேராசிரியர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. பெண்ணுக்குப் பேராசிரியர் பட்டமா என்று பரிபாலகர்கள் சிலர் ஆட்சேபித்ததனால் அடுத்த ஆண்டே அப்பட்டம் பறிக்கப்பட்டு, விரிவுரையாளர் என்ற பெயர் கொடுக்கப்பட்டது. வேலை மட்டும் குறையவில்லை. இழந்த பட்டம் திரும்பிவர 1913ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1911ஆம் ஆண்டிலே அவர் துண்டுப் பிரசுரங்களையும் தம் பாடங்களையும் ஒன்றுசேர்த்து ‘இயற்கைக் கல்விக் கைந்நூல்’ என்னும் பெரு நூலை வெளியிட்டார். 900 பக்கங்களுக்கு மேற்பட்டது. இதை யார் வாங்குவார் என்று பதிப்பாளர்கள் பின்வாங்க, கொம்ஸ்டொக் தம்பதிகளின் சொந்தப் பதிப்பகமே அதை அச்சிட்டது. நட்டம் உறுதி என்று கணவரும் கருதினாராம். ஆயினும் நூல் பதிப்பின்மேற் பதிப்பாக விற்பனையாயிற்று.

இந்நூலின் முதலாவது பாடம் காட்டு விலங்கைப் பற்றியதன்று, கழுகைப் பற்றியதன்று. கோழியின் இறகைப் பற்றியது. இறகு கோழிக்கு ஆடையாக எவ்வாறு பயன்படுகின்றது? மழைநீர் அதன்மேல் ஏன் ஒட்டுவதில்லை? முதுகிலுள்ள இறகும் நெஞ்சிலுள்ள இறகும் ஒரே மாதிரியானவையா? இவ்வாறு கேள்வி கேள்வியாகப் பாடம் நடக்கின்றது. கோழி எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த பறவை. ஆனால் எந்தப் பிள்ளையும் பாராத பறவையும் அதுவே. தெரிந்த ஒன்றைப் புதிதாய்ப் பார்க்கக் கற்ற கண், தெரியாதனவற்றையும் தானே தேடிச் செல்லும் என்பது அம்மையாரின் துணிபு.

ஆசிரியர்களுக்கு அவர் கூறிய அறிவுரைகள் இன்றும் ஊன்றிப் படிக்கத்தக்கவை. பாடம் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் முடியவேண்டும். சலிப்புத் தட்டும்வரை இழுத்தல் கூடாது. பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று ஆசிரியர் தயங்காமற் சொல்லவேண்டும். சொல்லி, பிள்ளையோடு கூடி விடை தேடவேண்டும். இது சிறிய அறிவுரைபோலத் தோன்றும். எல்லாம் தெரிந்தவர் என்ற தோற்றத்தாலேயே வகுப்பை ஆண்டுவந்த அக்கால ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு கடினமாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. உயிர்களிடத்து மதிப்பை ஊட்டும்போது, பிள்ளையை எதற்கும் கண்ணீர் விடுவதாக ஆக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஓருயிர் மற்றோருயிரை உண்டே வாழ்கின்றது. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதும் இயற்கையே. தேவையின்றிக் கொல்வதற்கும் வாழ்வதற்காகக் கொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளக்குவதே ஆசிரியரின் மிகக் கடினமான பணி என்று அவர் கருதினார்.

இயக்கம் தான் வகுத்துக்கொண்ட நோக்கத்திலே வென்றதா? இல்லை என்றே கூறவேண்டும். நாட்டுப்புறத்தார் நகரத்துக்குப் பெயர்வது நிற்கவில்லை. 1920ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அமெரிக்காவின் நகரவாசிகள் முதன்முறையாக நாட்டுப்புறத்தாரை விஞ்சினர். கல்வி அறிஞரும் குறை கண்டனர். ஒழுங்கான வரிசை இல்லை, விஞ்ஞானத்தைவிட உணர்ச்சியே மிகுதி என்பன அவர்தம் கண்டனங்கள். 1927இல் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெரால்ட் கிரேக் வகுத்த ஆரம்ப விஞ்ஞானத் திட்டம் பரவப் பரவ, இயற்கைக் கல்வி என்ற பெயர் பாடவிதானத்திலிருந்து மெல்ல மறைந்தது. கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒழுங்கைப் பெற்ற புதிய பாடம், வகுப்பறைக் கதவைத் திறந்து வெளியே செல்லும் வழக்கத்தை எத்தனை இடங்களில் இழந்தது என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்கவேண்டும்.

ஏறத்தாழ இதே காலத்திலே, இலங்கையிலும் பாடசாலைத் தோட்ட முயற்சி தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடசாலைத் தோட்டங்களின் அத்தியட்சராகவும், 1904இல் நிறுவப்பட்ட இலங்கை விவசாயச் சங்கத்தின் காரியதரிசியாகவும் டிரீபேர்க் என்பவர் கடமையாற்றினார். கிராமப் பள்ளிகளுக்கு மரக்கறி விதைகள் வழங்கப்பட்டன. இங்கும் பயிர்ப் பெருக்கமே முதல் நோக்கம். பள்ளித் தோட்டத்திற் கண்ட புதுப் பயிரைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும் என்ற எதிர்பார்ப்பு. சுற்றாடலைப் பேணுதல் என்ற சொல் அன்று எவர் வாயிலும் இல்லை.

கோர்ணெல் விதைத்த விதை எதிர்பாராத வேறோரிடத்தில் முளைத்தது. பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில், முன்னாள் ஆசிரியையான மரியா கார்சன் என்னும் தாய், இயற்கைக் கல்வி இயக்கத்தின் வழியைப் பின்பற்றித் தம் பிள்ளைகளைத் தோப்பிலும் வயலிலும் அழைத்துச் சென்று பறவைகளையும் பூச்சிகளையும் காட்டிவந்தார். 1907இல் பிறந்த அவருடைய கடைசி மகளே ரேச்சல் கார்சன். பூச்சிகொல்லி மருந்துகளை வரைமுறையின்றித் தெளிப்பதனால் பறவையினம் அழிவதை 1962இல் தமது நூலொன்றின் மூலம் உலகுக்கு எடுத்துக்காட்டி, அரசாங்கங்களையே விழிக்கச்செய்தவர் அவர். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1956இல், பிள்ளைகளின் வியப்புணர்வைப் பற்றி மாதர் சஞ்சிகையொன்றில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தமக்கையின் மகளுடைய குழந்தையை, இருபது மாதப் பருவத்திலே, புயலடிக்கும் இரவொன்றில் போர்வையிற் சுற்றிக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்ற நிகழ்ச்சியோடு அது தொடங்குகின்றது. பெயர்களை அறிவதைவிட உணர்தலே சிறுவருக்கு முந்தியது என்பதும், தன்னோடு கூடி வியக்கும் பெரியவர் ஒருவரேனும் பிள்ளைக்குத் துணை வேண்டும் என்பதும் அக்கட்டுரையின் சாரம்.

1972இல் ஸ்ரொக்ஹோம் மகாநாடும், 1977இல் ஜோர்ஜியாவின் திபிலிசி மகாநாடும் சுற்றாடற் கல்வியை நாடுகளின் கடமையாக்கின. இலங்கையில் 1990களின் இறுதியில் தொடங்கிய கல்விச் சீர்திருத்தத்தின்போது, ஆரம்ப வகுப்புகளுக்குச் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் வகுக்கப்பட்டது. படிப்பு என்றோ, அறிவு என்றோ சொல்லாமல், செயற்பாடுகள் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.