நர்சம்மாவின் பதிவேடு

கிராம சுகாதார செவிலியரை ஊரில் யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை; நர்சம்மாதான். அவர் கையிலிருக்கும் பதிவேட்டுக்குள் நம் பொது சுகாதாரத்தின் வரலாறு இருக்கிறது.

1939இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது. குடிநீர், கழிவு, தொற்றுநோய், தாய் சேய் நலம் ஆகியவற்றோடு தங்கும் விடுதிகளும் குடியிருப்பு நெரிசலும் அச்சட்டத்தின் கவலைகளாயிருந்தன. ஆனால், விடுதலைக்குப் பின் பெண்ணைத் தேடி வீட்டுக்கு வந்தது தாய் சேய் நலமும் குடும்பக்கட்டுப்பாடும்தான். 1973இல் கர்த்தார் சிங் குழு, துணைச் செவிலியரைப் பல்நோக்குப் பணியாளராக்கச் சொன்னது. நோக்கங்கள் பலவானாலும், பதிவேட்டின் முதல் வரிசையில் நின்றவர்கள் ‘தகுதியுள்ள தம்பதியர்’.

இன்றைய அமைப்பு தலைகளை எண்ணிக் கட்டப்பட்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அவற்றுக்கு மேல் வட்டார மருத்துவ அலுவலர், மாவட்டத்தில் சுகாதார அலுவலர், சென்னையில் பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம். 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியாக ஒன்றிய அரசின் நிதியும் சேர்ந்தது. தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடப்பதற்குப் பின்னால் நர்சம்மாக்களின் நடை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கும் இருபது வயதுப் பெண்ணை இந்தப் பதிவேட்டில் எங்கே எழுதுவது? அவளுக்குத் திருமணமாகவில்லை, கர்ப்பிணியுமல்ல. சொந்த ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் அவள் அங்கே இல்லை. ஆலையில் அவளுக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. தொழிலாளர் துறையின் வழியே வரும் அந்த மருத்துவம், அவள் நோயாளியாகி வரிசையில் நின்ற பிறகே அவளைப் பார்க்கிறது. விடுதிச் சோற்றையும், பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறையையும், ரத்தசோகையையும் முன்கூட்டிப் பார்க்க யார் வருவார்?

2021 டிசம்பரில் விடை தெரிந்தது. பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனை சென்றார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014லேயே சட்டம் வந்திருந்தது. அவர்கள் சாலைக்கு வந்த பிறகுதான் அதிகாரிகள் விடுதிக்கு வந்தார்கள்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 5,000 பேருக்கு ஒன்று என்ற அரசின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு வளாகத்துக்கு மட்டும் மூன்று நர்சம்மாக்களுக்கு மேல் வேண்டும். அவர்கள் கொண்டுவரும் பதிவேட்டில் கணவன் பெயர் கேட்காத ஒரு பக்கமும் வேண்டும்.