'சில'வும் 'எல்லா'மும்: போட்டிப் பரீட்சைத் தர்க்க வினாக்களுக்கு ஒரு கைநூல்

அரச சேவைக்கு ஆட்சேர்க்கும் போட்டிப் பரீட்சைகள் பலவற்றில் உளச்சார்பு அல்லது நுண்ணறிவு வினாத்தாள் உண்டு. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கற்பிட்டி முதல் உடப்பு வரை, அதற்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கற்பித்து வருகிறேன். கடற்றொழில் குடும்பங்களின் பிள்ளைகளும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் உள்ளனர். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் கற்றவர்களுக்கு நியாயத்தொடை பழக்கமானது. மற்றவர்களுக்கும் பின்வரும் விதிகள் போதும்.

முதலாவது, உங்களுக்குத் தெரிந்ததை ஒதுக்கி வையுங்கள். "மீனவர்களுள் சிலர் கற்பிட்டியில் வசிப்பவர்கள். கற்பிட்டியில் வசிப்பவர்களுள் சிலர் விவசாயிகள். ஆகவே மீனவர்களுள் சிலர் விவசாயிகள்." கற்பிட்டியில் கடலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள்; ஆனாலும் இந்த முடிவு பிழை. இரண்டு 'சில' கூற்றுகளிலிருந்து எதுவும் பெறப்படாது. இரண்டு எதிர்மறைக் கூற்றுகளிலிருந்தும் அப்படியே.

இரண்டாவது, கூற்றைத் திருப்பிப் போடாதீர்கள். "எல்லா வள்ளங்களும் இலக்கமுடையவை" என்றால், இலக்கமுடையவை எல்லாம் வள்ளங்கள் என்று ஆகாது. லொறிக்கும் இலக்கம் உண்டு.

மூன்றாவது, 'சில'விலிருந்து 'எல்லா'வுக்குத் தாவாதீர்கள். இந்தத் தாவலின் விலை எங்கள் எல்லோருக்கும் தெரியும். "தமிழருள் சிலர் புலிகள்" என்பதிலிருந்து சோதனைச் சாவடிகள் எல்லாத் தமிழரையும் சந்தேகித்தன. சிலர் மீதான சந்தேகம் வடக்கின் முஸ்லிம் சமூகம் முழுவதையும் ஊரைவிட்டு அனுப்பியது.

நான்காவது, தமிழில் வரும் பொறி ஒன்று. "எல்லா மாணவர்களும் சித்தியடையவில்லை" என்றால் ஒருவருமே சித்தியடையவில்லையா, சிலர் தவறினார்களா? இரண்டு பொருளும் வரும். இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுங்கள்: குறைந்தது ஒருவர் சித்தியடையவில்லை. அதேபோல், "சிலர் சித்தியடைந்தனர்" என்பது மற்றவர்கள் தவறினார்கள் என்று சொல்லவில்லை.

சந்தேகம் வந்தால் வட்டங்கள் வரையுங்கள். தரப்பட்ட கூற்றுகள் உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் அமையும் ஒரு படத்தையாவது வரைய முடிந்தால், அந்த முடிவு பெறப்படாது.

சமனிலி வினாக்களில் சங்கிலியைப் பாருங்கள். க > ச ≥ ட = த என்றால் க > த. குறிகள் ஒரே திசையில் ஓடுகின்றன. இடையில் ஒரு '>' இருந்தால் போதும். எல்லாம் '≥' ஆக இருந்தால் விடையும் '≥' மட்டுமே. '>' என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

குறிகள் எதிரெதிராகத் திரும்பினால் சங்கிலி அறுந்துவிடும். அண்ணன் தம்பியைவிட உயரம், அக்காவும் தம்பியைவிட உயரம். அண்ணனா அக்காவா உயரம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

இன்னொரு பொறி: க ≥ ச = த என்று தந்து, விடைகளாக "க > த", "க = த" என இரண்டைத் தருவார்கள். தனித்தனியே இரண்டும் உறுதியில்லை. "இரண்டில் ஒன்று சரி" என்பதே விடை.

பயிற்சியின்போது விடையை மட்டும் சரிபார்க்காமல், எந்த விதியால் அந்த விடை வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பரீட்சை மண்டபத்தில் நேரம் குறைவு; அங்கே கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.