மார்கரெட் கசின்ஸும் 28 லட்சம் பெயர்களும்

மண்டி ஹவுஸ் பக்கம் நாடகம், கச்சேரி என்று போய்வரும் டில்லித் தமிழர்கள் பகவான்தாஸ் சாலையைக் கட்டாயம் கடந்திருப்பீர்கள். அங்கே 6-ஆம் எண் கட்டிடத்துக்கு சரோஜினி ஹவுஸ் என்று பெயர். 1927-இல் தொடங்கிய அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைமையகம் அது. (பெயரில்தான் 'மாநாடு', உண்மையில் சங்கம்.) உள்ளே ஒரு நூலகம் இருக்கிறது: மார்கரெட் கசின்ஸ் நினைவு நூலகம்.

சரோஜினி நாயுடுவைத் தெரியாதவர் இல்லை. இந்த மார்கரெட் யார்? அயர்லாந்துப் பெண்மணி. ஆனால் இவர் கதையில் பாதி சென்னையில் நடந்தது. அதனால் நமக்கு இவர் கொஞ்சம் சொந்தம்.

1878-இல் பிறந்தவர், சங்கீதத்தில் பட்டம் பெற்றவர். 1908-இல் டப்ளினில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஒரு சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். மனு எழுதிக் களைத்த காலம் போலும், கல்லை எடுத்துவிட்டார்கள்! 1910-இல் லண்டனில் ஒரு மாதம் ஹாலோவே சிறை. 1913-இல் டப்ளின் கோட்டையின் ஜன்னலை உடைத்ததற்காக மறுபடி சிறை, அங்கே உண்ணாவிரதம். இரண்டே வருடத்தில், 1915-இல், கணவர் ஜேம்ஸுடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஜேம்ஸுக்கு அன்னிபெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை. அயர்லாந்துப் புரட்சியைப் பாராட்டி எழுதி அந்த வேலை போனது. இருவரும் மதனப்பள்ளிக் கல்லூரிக்குப் போனார்கள். 1919-இல் தாகூர் அங்கே வந்து 'ஜன கண மன' பாடியபோது அதன் மெட்டைக் குறித்துவைத்தவர் இந்த மார்கரெட்தான். பள்ளிப் பாடப் புத்தகங்கள் அவரை இந்த ஒரு வரியோடு முடித்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னிபெசன்ட் தலைவர், டொரதி ஜினராஜதாசாவும் மார்கரெட்டும் ஓடியாடி வேலை செய்தவர்கள். அந்த ஆண்டு இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு இங்கே சுற்றுப்பயணம் வந்தார். பெண் கல்விக்குப் பள்ளிகள் வேண்டும் என்று கேட்க மார்கரெட் நேரம் கேட்டு எழுதினார். வந்த பதில்: அரசியல் விஷயமாக வரும் குழுக்களை மட்டுமே மந்திரி சந்திப்பார்.

நம்மில் பலர் அங்கேயே விட்டிருப்போம். அவர் விடவில்லை. அரசியல்தானே வேண்டும், இதோ என்று மனுவில் வாக்குரிமையைச் சேர்த்துவிட்டார். 1917 டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது. இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கை அரசாங்கத்தின் கைக்கு முறையாகப் போனது அன்றுதான். பள்ளிக்கூடம் கேட்கப் போனவர்கள் ஓட்டுக் கேட்டுவிட்டு வந்தார்கள்! சிவப்பு நாடாவால் ஒரு நன்மை நடந்தது என்று நான் சொல்லக்கூடிய உதாரணங்கள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று :-)

அடுத்து வந்த சவுத்பரோ கமிட்டி, இந்தியா இதற்கு இன்னும் தயாராகவில்லை என்று கைவிரித்தது. லண்டனோ, அந்தந்த மாகாண சபையே முடிவு செய்யட்டும் என்று தட்டிவிட்டது. தட்டிவிட்ட பந்தை முதலில் பிடித்தது நம் சென்னைதான். நீதிக்கட்சி ஆட்சியில் 1921 ஏப்ரலில் சென்னை சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. பிரிட்டிஷ் மாகாணங்களில் அதுவே முதல். பம்பாய் அதே ஆண்டில் பின்னால் வந்தது.

ஆனால் கணக்குப் பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. ஓட்டுப் போட சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். அன்று எத்தனை பெண்கள் பேரில் சொத்து? அந்த ஏற்பாட்டில் நாடு முழுக்க வாக்குப் பெற்ற பெண்கள் சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம் பேர்தான். (கடன் பிரிவில் வருடக்கணக்காகப் பத்திரம் பார்க்கிறேன். டில்லியில் பெண் பேரில் பதிந்தால் முத்திரைக் கட்டணம் குறைவு என்பதால் இன்று வீட்டுக்காரம்மா பேரில் வீடு வாங்குகிறார்கள். சலுகை இல்லாவிட்டால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.)

இதைச் சரிக்கட்ட ஆங்கிலேயர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. பெண்ணிடம் சொத்து இல்லையா? கணவனிடம் இருந்தால் போதும், மனைவி என்ற தகுதியில் ஓட்டு! 1930-இல் சைமன் கமிஷன் சொன்னது, 1932-இல் லோதியன் கமிட்டி சொன்னது, 1935 சட்டத்தில் அது வந்தேவிட்டது. பெண் வாக்காளர் எண்ணிக்கை சுமார் 60 லட்சமாக உயர்ந்தது. அப்படியும் மாதர் அமைப்புகள் திருப்திப்படவில்லை. 1931-லேயே அவை சேர்ந்து கேட்டது ஒன்றுதான்: வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. ஒருத்தி யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதை வைத்து அல்ல, அவள் ஒரு ஆள் என்பதை வைத்து. இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த 1932-இல் மார்கரெட் இருந்த இடம் வேலூர் பெண்கள் சிறை. அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக, 54 வயதில், ஓராண்டுத் தண்டனை.

1943 வாக்கில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1954-இல் காலமானார். அதற்குள் சுதந்திரமும் வந்தது, அனைவருக்கும் வாக்குரிமையும் வந்தது, 1951-52-இல் முதல் பொதுத்தேர்தலும் முடிந்துவிட்டது.

அந்தத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகாதது. வீட்டுக்கு வந்த அலுவலரிடம் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், அப்படியே எழுதிக்கொண்டும் போனார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயரைத் தரக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அப்படியும் தராதவர்கள் நீக்கப்பட்டார்கள். சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேர் இப்படிப் போனார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப்பிரதேசம், மத்தியபாரதம், ராஜஸ்தான், விந்தியப்பிரதேசம்.

சென் செய்தது சரியா? கையில் கிடைத்த ஓட்டை 28 லட்சம் பேரிடமிருந்து பறித்தாரே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. இன்று வேறு மாதிரித் தோன்றுகிறது. 'இன்னார் மனைவி' என்றே விட்டிருந்தால், சைமனும் லோதியனும் சொன்னதைச் சுதந்திர இந்தியா தன் கையாலேயே பட்டியலில் எழுதியதாக ஆகியிருக்கும். எங்கள் ஆச்சி திருநெல்வேலியில் தாத்தா பேரைச் சொல்லவே மாட்டாள், 'அவ்வோ' என்பாள். தன் பேரைக் கேட்டால் மட்டும் கணீரென்று சொல்வாள். வடக்கே அதுவும் முடியாத வீடுகள் இருந்திருக்கின்றன.

இரண்டு வாரம் முன்பு எங்கள் கிளைக்குக் கணக்குத் தொடங்க ஒரு அம்மா வந்தார், பூர்வீகம் பீகார், கூடவே மகன். பெயர் என்ன என்று கேட்டேன். அம்மா மகனைப் பார்த்தார். மகன் வாயைத் திறந்தார். "நீங்களே சொல்லுங்கம்மா" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சொன்னார்.