செம்பட்டி வட்டாரத்தில் நாட்டுமரக் காடு வளர்ப்பு

திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியைச் சூழ்ந்த சமவெளியில், மண்ணுக்குரிய மரங்களை நட்டும் முள்காட்டைத் தழைக்கவிட்டும் காடு வளர்ப்பதை இது குறிக்கும். கரிமச் சேமிப்பும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் இதன் நோக்கமாகச் சொல்லப்படுவது அண்மைக் காலத்தில்தான். மரம் வளர்ப்பு இங்கு நெடுங்காலம் விறகுக்காகவே நடந்தது.

மேற்கிலுள்ள பழனிமலை தென்மேற்குப் பருவமழையைத் தடுப்பதால் இச்சமவெளி வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. இத்தகைய நிலத்துக்கு உரியவை உசிலை, வெள்வேல், வெப்பாலை, இலந்தை, காரை போன்றவை. குட்டையான இந்த முள்காட்டை வருவாய்த்துறைக் கணக்கும் ஊர்ப்பேச்சும் தரிசாகவே கருதிவந்தன. கோயில்காடுகள் மட்டும் சாமிக்குப் பயந்து தப்பின.

1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராகக் கிளெக்கார்ன் அமர்ந்தபோது, காடுகளைப் பெரிதும் தின்றுகொண்டிருந்தவற்றுள் ரயிலும் ஒன்று. எஞ்சின்கள் விறகில் ஓடின. திருச்சி–மதுரை இருப்புப்பாதை 1875இல் திண்டுக்கல் வழியே வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளுக்கு வழிசெய்தது. அதுவும் மரவிளைச்சலை முன்னிட்டே. அக்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேலம் அடுப்பெரித்தது உண்மைதான்; ஆனால் கண்மாய்களையும் புறம்போக்கையும் அடைத்துக்கொண்டது.

சுவீடன் உதவியுடன் 1981இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டம், கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலத்தை நட்டது. விறகுக்கென நட்டாலும் அதன் கிளைகளில் நீர்ப்பறவைகள் கூடுகட்டின, நெற்றை ஆடுகள் தின்றன. இம்மாவட்டக் காட்டு வரலாற்றில் இந்த நடவுக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை. 1997இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டம், நலிந்த காடுகளை மீட்பதில் ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். ஒரு டன் கரிமம், காற்றிலிருந்து எடுத்த சுமார் 3.67 டன் கரியமில வாயுவுக்கு ஈடு. வறண்ட நிலத்து மரங்கள் மெல்லத்தான் பருக்கும், தைலமரம் முந்திக்கொள்ளும். ஆனால் சில ஆண்டுகளில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் மரத்தில் கரிமம் நெடுநாள் தங்குவதில்லை.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் இலக்கு. நாட்டு மரக்கன்றுகளுக்கு அது முதலிடம் தருகிறது. அடுத்த மாதமே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கு தரையில் இறங்கத் தயங்கும். கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் இரவில் பூச்சி தேடித் திரியும். எனவே இருக்கும் முள்காட்டை விட்டுவைத்து, துண்டுபட்ட இடங்களில் மட்டும் உசிலையும் வேலமும் நடுவதே அதற்கு உதவும். அந்த முள்காட்டை அழித்து வரிசையாகக் குழிதோண்டி நடும் தோப்பில் அதற்கு வேலையில்லை.