கடைசியில் நிற்பவனை யார் முதலில் தெரிவது?

அமெரிக்காவில் ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் விளையாட்டுப் பக்கங்களை ஒரே விவாதம் நிறைத்துவிடும். கல்லூரி வீரர்களுள் எவரை எந்த அணி முதலில் தெரிவது என்பதே அது. அந்த விவாதத்துக்கும் திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு.

பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் இத்தெரிவு முறையை முன்மொழிந்தவர் பேர்ட் பெல். அவர் நடத்திய பிலடெல்பியா அணி தோல்விமேல் தோல்வி கண்டது. பணமும் பெயரும் உள்ள அணிகளே நல்ல வீரர்களை அள்ளிச் சென்றன. ஆகவே, கடைசி இடத்தில் உள்ள அணிக்கே முதல் தெரிவு என்ற விதி 1935இல் ஏற்கப்பட்டு, 1936 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நலிந்தவனுக்கு முன்னுரிமை என்பதே அதன் அடிப்படை.

ஆனால் களத்தில் நிற்கும் எல்லோருக்கும் அந்த நியாயம் கிட்டவில்லை. 'சேஃப்டி' எனப்படுபவர் பின்களத்தின் கடைக்கோடியில் நிற்பவர். முன்னால் உள்ளவர்கள் அனைவரும் ஏமாந்த பின்னர் எதிரியைத் தடுக்க வேண்டியவர் அவரே. அவருக்காக முதல் தெரிவுகளைச் செலவிட அணிகள் தயங்குவது வழக்கம். 2002இல் எட் ரீட் 24ஆவது ஆளாகவும், 2003இல் ட்ராய் பொலமாலு 16ஆவது ஆளாகவும் தெரியப்பட்டனர். இருவரும் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர்.

இதற்கு விலக்கானது 1956ஆம் ஆண்டு. பிட்ஸ்பர்க் அணி கொலராடோவைச் சேர்ந்த கேரி கிளிக் என்ற பின்கள வீரரை முதல் ஆளாகத் தெரிந்தது. அவருடைய ஆட்டத்தை அணியினர் பார்த்திருக்கவில்லை. கல்லூரிப் பயிற்றுநர் எழுதிய கடிதமே அவர்களுக்குச் சான்றாயிற்று. கிளிக் பெரும்புகழ் பெறவில்லை. அதே ஆண்டில் 9ஆவதாகத் தெரியப்பட்ட லெனி மூர்தான் பெரும்புகழ் எய்தினார். எனினும் ஒரு கடிதம் ஒருவரை வரிசையின் தலைப்பில் நிறுத்தியது என்பது வரலாறு.

நம் அயலிலும் இதற்கு நிகரான நிகழ்வு உண்டு. 2017 ஜூலையில் மும்பையில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் தெரிவில், புதிய அணியான ஜம்ஷெட்பூர் முதலில் தெரிந்தது மலப்புறம் கொண்டோட்டியைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிக்க என்ற பின்கள வீரரை. தொகை 1 கோடியே 10 இலட்சம் இந்திய ரூபாய். நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோவுக்கும் அதே தொகைதான். இளமையில் ஆட்டோ ஓட்டிய அனஸ், இந்திய அணிக்காக முதன்முதலில் ஆடியதே அவ்வாண்டு மார்ச்சில், தம் முப்பதாவது வயதில்.

இனி ஈச்சிலம்பற்றுக்கு வருவோம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. 2006இல் மாவிலாறு மதகை முன்னிட்டு மூண்ட போரில் மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தனர். மீள்குடியேற்றம் 2007இல்தான் தொடங்கியது. அன்று 12 வயதில் இருந்த ஒரு சிறுவனுக்கு, மும்பையில் அந்தத் தெரிவு நடந்தபோது 22 வயது. பந்து பழகவேண்டிய பருவத்தில் அவன் கூடாரத்தில் இருந்தான். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் ஏறியிருக்க வழியில்லை.

எவரை முதலில் தெரிவது என்ற விவாதம் பட்டியலில் பெயர் ஏறியவர்களைப் பற்றியது மட்டுமே. நலிந்த அணிக்கு முன்னுரிமை தர 1935இல் விதி செய்ய முடிந்தது. நலிந்த ஊருக்கு அப்படியொரு விதியை எவரும் செய்யவில்லை. பேர்ட் பெல்லின் நியாயம் அணிகளின் வாசலோடு நின்றுவிட்டது.

அதைத் தாண்டிச் செல்லக்கூடியது அந்தக் கொலராடோக் கடிதம் போன்ற ஒன்றுதான். பின்தங்கிய பாடசாலையில் பணியாற்றும் ஒரு விளையாட்டு ஆசிரியர், தம் மாணவன் ஒருவனைப் பற்றி ஒரு கழகத்துக்கு எழுதலாம். அதைப் படிக்கும் கடமை கழகத்துக்கு உண்டு.